ஸ்பீக்கர் மாட்டாத வீடு

மேல்தளத்துக்கு முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்துப்போட்ட மறுநாள் காலையில், இன்னும் ஒரு ஸ்பீக்கர்கூட வாங்காத, ஒரு முழம் வயர்கூட இழுக்காத, கரண்டு இணைப்புக்கு மனுகூடக் கொடுக்காத பொங்கியண்ணனின் புது வீடு அழத் தொடங்கியது. கூடத்தின் மேல்தளத்தில் ஸ்பீக்கருக்கென்று விட்டிருந்த வட்ட ஓட்டைகளிலிருந்து பெண்கள் கூட்டமாக அழும் சத்தம் வந்தது. போர்டிகோ ஓட்டையில் ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்வதும், இருமுவதும், பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப்போடுவதும் கேட்டன. சாப்பிடும் இடத்து ஓட்டையில் டீ டம்ளர்கள் மோதிக்கொண்டன. எழவு வீட்டுக்குள் நுழைந்தால் எந்த மூலையில் என்ன சத்தம் கேட்குமோ அந்தச் சத்தம் அந்தந்த இடத்தில் கேட்டது. பிணம் மட்டும்தான் இல்லை.

கரட்டுப்புதூரில் யாரும் அலறவில்லை. எழவு வீட்டுக்கு எப்படிப் போவார்களோ அப்படி வந்தார்கள். மணல் குவியலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாத சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பிப் போய், அவரவர் வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பூச்சு வேலைக்காரர்கள் போனில் பாட்டு வைப்பதை நிறுத்தினார்கள். மத்தியானத்தில் அவர்களும் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தார்கள். செத்தது யார் என்று மட்டும் தெரிந்துவிட்டால் மற்றதை எல்லாம் முறைப்படி பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல ஊர் இருந்தது.

வீடு முழுக்கப் பாட்டு கேட்க வேண்டும் என்பது பொங்கியண்ணனின் ஆசை அல்ல. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் நவநீதன் போட்ட திட்டம் அது. கூடத்துக்கு, சாப்பிடும் இடத்துக்கு, போர்டிகோவுக்கு, படுக்கையறைகளுக்கு, குளியலறைக்கு, மொட்டை மாடிக்கு என்று தனித்தனியாக ஸ்பீக்கர் வைக்க வேண்டும், எல்லாக் குழாய்களும் மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில் வந்து சேர வேண்டும், அங்கே வைக்கப்போகும் பெட்டியிலிருந்து ஓர் அறைக்கு மட்டும் பாட்டு அனுப்பலாம், வேண்டுமானால் வீடு முழுக்க ஒரே பாட்டை ஓடவிடலாம் என்றான். குளிக்கிறவனுக்கு எதற்குப் பாட்டு என்று பொங்கியண்ணன் கேட்டார். போர்வெல் வண்டிச் சத்தத்தில் நின்று நின்று வலது காது பாதி செத்துப்போன மனுசன் அவர். வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பதே பெரிய சுகம் என்று நினைத்திருந்தார். ஆனால் காங்கிரீட் போடுவதற்கு முன்னால் குழாய் பதித்தால்தான் உண்டு, போட்ட பிறகு ஒரு நூல்கூட நுழையாது என்று மகன் திரும்பத் திரும்பச் சொன்னதும் அவர் ஒத்துக்கொண்டார். பின்னால் முடியாது என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவருக்குப் பயம் வந்துவிடும்.

எலக்ட்ரீசியன் ஜெயபால் கம்பிக்கு மேலே குழாய்களை ஓட்டி, கட்டுக்கம்பியால் இறுக்கி, கலவை உள்ளே இறங்காதபடி குழாய் வாய்களில் சிமெண்ட் சாக்குக் காகிதத்தைத் திணித்து, ஸ்பீக்கர் வரும் இடங்களில் தெர்மாகோலை வட்டமாக வெட்டி வைத்தான். மொட்டை மாடிக் குழாயை மட்டும் மழைத் தண்ணீர் இறங்காமல் கைத்தடிப் பிடிபோல வளைத்து மேலே நீட்டிவிட்டான். காங்கிரீட் போட்ட அன்று எல்லாருக்கும் கறி பிரியாணி. எந்த அறைக்கு என்ன வேண்டும் என்று பொங்கியண்ணனின் மனைவி சிந்தாமணியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொன்னது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரல் அடுத்த அறைக்குப் போனதில்லை.

அழுகையை முதலில் கேட்டவன் ஜெயபால்தான். தெர்மாகோலைச் சுரண்டி எடுக்க ஏணியில் ஏறியவன் பாதியில் இறங்கி வந்து, "அண்ணா, பைப்புக்குள்ள ஆளு இருக்குதுங்" என்றான்.

பொங்கியண்ணன் திட்டிக்கொண்டே போய்க் கூடத்தின் நடுவில் நின்றார். செத்த காதில்கூடத் தெளிவாகக் கேட்டது. வார்த்தை எதுவும் புரியவில்லை, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. ஆனால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே ஏறி, ஏறிய இடத்தில் ஒரு நொடி நின்று, பிறகு விக்கலோடு இறங்கும் குரலை அவர் உடனே அடையாளம் கண்டார். அது அவருடைய தங்கை பாவாயி.

பாவாயியோடு அவர் பேசிப் பல வருசம். அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் புருசனும் பெண்டாட்டியுமாக வந்தபோது பொங்கியண்ணன் வண்டியோடு வெளியூரில் இருந்தார். அவர்கள் பத்திரிகைத் தட்டத்தைச் சிந்தாமணியின் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் பல வீடு பாக்கி இருக்கிறது என்று போய்விட்டார்கள். தாய்மாமன் கையில் வைக்காத பத்திரிகை பத்திரிகையே அல்ல என்றார் அவர். திரும்ப ஒரு தடவை வருவார்கள் என்று காத்திருந்தார். வரவில்லை. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் உட்கார வேண்டிய மணையில் யாரோ ஒன்றுவிட்ட பங்காளியை உட்காரவைத்து முகூர்த்தத்தை முடித்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார்: நான் உசுரோடு இருக்கும்வரை அவள் என் வாசலை மிதிக்கக் கூடாது. அதற்குப் பிறகு சோற்றில் உப்புக் குறைந்தால்கூட, "தட்டத்த வாங்குனவ நீதான" என்று சிந்தாமணியிடம் அதைத்தான் எடுப்பார்.

அந்தப் பாவாயி இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் அழுகிறாள். அவள் உள்ளே வந்திருக்கிறாள் என்றால் அவர் உயிரோடு இல்லை. இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கும்தான். அன்று பொழுது சாய்வதற்குள், டீக்கடை பழனியப்பன் பொங்கியண்ணன் நீட்டிய காசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பழைய வீட்டில் அவரைப் பார்த்துவிட்டு, அப்படியே புது வீட்டுக்கும் போய் அவருடைய எழவையும் கேட்டுவிட்டுப் போனார்கள். பந்தல்காரர் ஒருவர் வந்து, முகூர்த்த மாதமாக இருக்கிறது, சாமியானா கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று தலையைச் சொறிந்தார். அவரைப் பொங்கியண்ணன் செங்கல்லை எடுத்துக்கொண்டு துரத்தினார். ஓடிய வேகத்தில் நெஞ்சு படபடத்ததும், இதுதானோ என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கல்லை வைத்துவிட்டுத் தன் கை நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பந்தல்காரர்தான் திரும்பி வந்து தூக்கிவிட்டார்.

அவர் சர்க்கரையை விட்டார். படியேறுவதை விட்டார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்து அடக்கினார், எது எங்கே போய்த் தெறிக்குமோ என்று.

இதற்குள் ஊர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. ஒரு எழவில் அழுகிற குரல் கேட்டால், அந்தக் குரலுக்கு உரியவள் அன்றைக்கு உயிரோடு இருக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்று விசைத்தறிக்குப் போகும் ஒரு பெண் சொன்னாள். அந்த நிமிசத்திலிருந்து பொங்கியண்ணனின் சொந்தத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் குரலைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஓட்டைக்குக் கீழே அண்ணாந்து நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, "இது நானு, இந்த இழுப்பு எனக்குத்தான் வரும்" என்று கண்டுபிடித்தவர்கள் முகம் மலர, பிறகு எழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டு வெளியே போய், ரோட்டைத் தாண்டியதும் கற்கண்டு கொடுத்தார்கள். ஒரு சின்னம்மா தான் அழுவது பொய்யழுகையாக இருக்கிறது என்று மருமகள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதாகச் சண்டைபோட்டாள். குரல் கிடைக்காதவர்கள் வெளிறிப்போய் ஜெயபாலிடம் போனார்கள். பூஜை அறைக் குழாயிலும் விருந்தாளி அறைக் குழாயிலும் கலவை இறங்கி அடைத்திருந்தது; அங்கே சத்தமே இல்லை. அந்த அடைப்பில்தான் தங்கள் குரல் மாட்டியிருக்கிறது, ஸ்பிரிங் கம்பியை விட்டுக் குத்தி எடுத்துக் கொடு தம்பி என்று கெஞ்சினார்கள். அவனும் குத்திக் குத்திப் பார்த்தான். குழாயிலிருந்து சிமெண்ட் பொடிதான் கொட்டியது.

ஆண்கள் அழுவதில்லை. அதனால் அவர்கள் போர்டிகோவில் நின்று தங்கள் இருமலைத் தேடினார்கள். பொங்கியண்ணனோடு சேர்ந்து போர்வெல் வண்டி ஓட்டிய குருசாமிக்குத் தன் இருமல் முதல் நாளே கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மனுசன் ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டார். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையை இரண்டு முறை கனைக்கும் பொங்கியண்ணனின் கனைப்பு ஊருக்கே தெரியும். அது போர்டிகோவில் இல்லை. எங்கேயும் இல்லை. காலையில் வந்து நின்றால் வெயில் உச்சிக்கு வரும்வரை நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு அவர் நிற்பார். அடைத்த குழாயில் உங்கள் கனைப்பு இருக்கும் என்று ஜெயபால் ஆறுதல் சொன்னான். விருந்தாளி அறையில் நான் எதுக்குப் போய்க் கனைக்கப்போறேன் என்று கேட்டுவிட்டு அவர் அங்கேயும் போய் நின்றார்.

யாருக்கும் சொந்தமில்லாத குரல் ஒன்று இருந்தது. அது மொட்டை மாடிக் குழாயிலிருந்து வந்தது. கூட்டத்தோடு சேராமல் தனியாக, கரடுமுரடாக, அடித்தொண்டை கிழிய, கன்றைப் பறிகொடுத்த மாடு கதறுவதுபோல அது கதறும். பிறகு நீண்ட நேரம் நின்றுவிடும். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி. குழாயின் வாய் தெருவைப் பார்த்து வளைந்திருந்ததால் அது தெரு முழுக்கக் கேட்டது. மற்ற அழுகைக்குப் பழகிவிட்ட ஊர் இதற்குப் பழகவில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் சைக்கிளைவிட்டு இறங்காமல் அழுத்திக்கொண்டு போனார்கள். சொந்தத்தில் ஒவ்வொரு பெண்ணாக வந்து கேட்டு, நான் இல்லை, இது மனுசக் குரலே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது மேல்தளத்துக் கலவைக்குள் எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்ட எதுவோ என்றும், சாவை அழைத்துக்கொண்டு வருவதே அதுதான் என்றும் முடிவாயிற்று. அதைக் கேட்டால் பொங்கியண்ணனுக்கு முதுகுத்தண்டில் வியர்க்கும். தன்னை வந்து கொண்டுபோகப் போவது அதுதான் என்று அவர் நம்பினார்.

நவநீதன் இரண்டு நாள் லீவில் வந்தான். குழாய்களை எல்லாம் கலவை ஊற்றி அடைத்துவிடலாம் என்றான். அடைத்தார்கள். சத்தம் மின்விசிறிக் கொக்கி வழியாக வந்தது; கலவை இறுகுவதற்குள் திரும்பக் குத்தி எடுத்துவிட்டார்கள். மேல்தளத்தையே உடைத்துவிடலாமா என்று கேட்டான். கம்பிக்குச் செலவழித்ததை நினைத்துப் பொங்கியண்ணன் வேண்டாம் என்றார். உடைத்து, சத்தம் வெளியே வந்து ஊரெல்லாம் பரவிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. போகும்போது மகன் அப்பாவின் தோளைத் தொட்டான். பெரியவனான பிறகு அவன் தொட்டதே இல்லை. அது அவரை ஹார்லிக்ஸ் பாட்டில்களைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

குருசாமிதான் வழி சொன்னார். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துக்கொண்டு, "ஏப்பா, நீ சாவறேன்னு எத வெச்சுச் சொல்றாங்க? பாவாயி உள்ள வந்துட்டாங்கறத வெச்சுத்தான? நீ உசுரோட இருக்கயிலயே அவளக் கூப்புட்டு உள்ள உட்டுட்டீன்னா? அப்பறம் அந்தக் குரலுக்கு உன்னையப் பத்தி என்ன சாட்சி?" என்றார்.

பொங்கியண்ணன் இரண்டு முறை கனைத்தார். "பத்திரிகைய எங் கையில வெக்கலியே அவ" என்றார்.

"அப்ப அந்தப் பத்திரிகையோட போய்ச் சேரு" என்று குருசாமி எழுந்து போனார்.

அவர் பல நாள் மறுத்தார். பயம் ஒரு பக்கமும் வீம்பு ஒரு பக்கமுமாக இழுத்ததில் ஆள் பாதியாக இளைத்தார். கடைசியில் பயம் ஜெயித்தது. மோளப்பாளையத்தில் இருக்கும் பாவாயி வீட்டுக்கு மறுநாள் காலை பஸ்ஸில் போவது என்று முடிவு செய்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வாங்கி ஆணியில் மாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. போய் என்ன பேசுவது என்று மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எப்படித் தொடங்கினாலும் அது பத்திரிகையில் போய் முடிந்தது.

அன்று சாயங்காலம் சொந்தக்காரப் பெண்கள் சிலர் சிந்தாமணியைத் தேடி வந்தார்கள். எல்லாரும் குரல் பார்த்தாகிவிட்டது, நீ மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை, வா என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பொங்கியண்ணனும் பின்னால் போனார். சிந்தாமணி ஒவ்வோர் ஓட்டைக்குக் கீழேயும் போய் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். கூடத்தில் நின்றாள், படுக்கையறையில் நின்றாள், குளியலறையில் நின்றாள், மாடிப்படி ஏறி மொட்டை மாடிக் குழாய்க்குப் பக்கத்தில்கூட நின்று பார்த்துவிட்டு இறங்கினாள். பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருசன் செத்துக் கிடந்தால் பெண்டாட்டியின் அழுகைதானே முதலில் கேட்க வேண்டும் என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். அதைச் சொன்ன பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இதுல எது உன்ற குரலு?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

"தெரியலீங்க" என்றாள் சிந்தாமணி. "நான் சத்தமா அழுது நானே கேட்டதில்லீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் அப்பா செத்தபோது அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. முதல் குழந்தை தங்காமல் போனபோது அவர் வண்டியோடு இருந்தார். அவள் அழுதால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, பெண்டாட்டியின் அழுகைக்கு அடையாளம் சொல்லத் தெரியாமல் அவர் அந்த ஓட்டைகளுக்குக் கீழே நின்றார்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும்தான் அவருக்கு முழுதாக விளங்கியது. பாவாயி வந்து நின்று அழ, சிந்தாமணியின் குரல் மட்டும் அதில் இல்லாத எழவு இன்னொன்றும் இருக்கிறது, அது சிந்தாமணியின் எழவு. பாவாயியை உயிரோடு இருக்கும்போதே உள்ளே விட்டால் அவருக்கு எதிரான சாட்சி போய்விடும்; ஆனால் சாவு போகாது. அது கொஞ்சம் தள்ளிப் பக்கத்தில் நிற்பவள் மேல் விழும். பாவாயி வராதவரைக்கும், அந்த வாசல் தங்கைக்கு அடைத்திருக்கும்வரைக்கும், சாகப்போவது அவர்தான் என்பது உறுதியாக இருக்கும். அவர் தேய்த்த சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார். பயம் போகவில்லை, இரண்டு மடங்காகியிருந்தது.

அவர் போட்ட இந்தக் கணக்கு ஊருக்குத் தெரியாது. உசுரே போகிறது என்றாலும் தங்கையைக் கூப்பிட மாட்டேன் என்கிறான், இவன் நெஞ்சு என்ன போர் போட்டாலும் தண்ணீர் வராத பாறையா என்றார்கள். அவர் டீக்கடையில் முன்னைவிடச் சத்தமாகப் பாவாயியைத் திட்டினார். அவளைத் திட்டுவதில் அவருக்குப் பழக்கம் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. குரல் கிடைக்கவில்லை என்ற பேச்சு பரவி, ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இப்போது சிந்தாமணிக்கும் வந்தன. அவற்றை எல்லாம் அவர் வாசலிலேயே வாங்கி, எனக்குத்தான், எனக்குத்தான் என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். அவள் தன் பட்டுச்சேலைகளை எடுத்து வெயிலில் போடுவதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றாள். அவள் எதையாவது யாருக்காவது கொடுத்துவிடுவாளோ என்று அவர் வேலைக்குப் போகாமல் அவள் பின்னாலேயே திரிந்தார். அவள் உலை வைத்தால் அடுப்படியில் நின்றார், கோழிக்குத் தீனி போட்டால் அங்கே நின்றார். அவள் கொஞ்சம் அதிக நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், "ஏ, சிந்தாமணி" என்று கூப்பிட்டு, அவள் நிமிர்ந்ததும், ஒன்றுமில்லை என்பார்.

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வந்த நாளில் மட்டும் அவர் அவளைவிட்டு நகர வேண்டியிருந்தது. கூடத்துக் கல்லைக் கோணலாக வைத்துவிட்டார்கள் என்று மேஸ்திரியோடு காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவர், ரோட்டில் பஸ் வந்து நிற்பதையும், தெரு முழுக்க ஒரே நேரத்தில் அமைதியாவதையும் கேட்டு வெளியே வந்தார். பஸ்ஸிலிருந்து சிந்தாமணி இறங்கினாள். அவள் கையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்த காலித் தாம்பாளம் இருந்தது. அவளுக்குப் பின்னால், தலை முழுக்க நரைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாவாயி இறங்கினாள்.

கேட் இன்னும் மாட்டவில்லை. இரண்டு தூண்கள்தான் நின்றன. பொங்கியண்ணன் ஓடிவந்து இரண்டு தூணையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்தார்கள். டைல்ஸ்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். உள்ளே கூடத்தில் இன்னொரு பாவாயி விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே நின்ற பாவாயி அதைக் கேட்டாள். முகம் மாறியது. ஆனாலும் அண்ணனைப் பார்த்து, "அண்ணி வந்து காலப் புடிக்காத குறையாக் கூப்புட்டுது, அண்ணனுக்கு ஒண்ணு ஆவக்கூடாதுன்னு. அதுக்காவ வந்தேன். எனக்கென்ன, இந்த ஊட்ட மிதிக்கோணும்னு நேர்த்திக்கடனா?" என்றாள்.

"உள்ள வராத" என்றார் பொங்கியண்ணன்.

"நீங்க செத்தாத்தான் வரோணுமா?"

"ஆமா."

தெருவில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் முகத்தை அப்போது சரியாகப் பார்த்திருந்தால், அந்த மனுசன் விரட்டவில்லை, கெஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருக்கும். பாவாயியும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. கண்டக்டர் அவளுக்காகப் படியில் ஒதுங்கி இடம் விட்டார். பொங்கியண்ணன் தூண்களைப் பிடித்த கையைத் தளர்த்தாமல், போ, போ, சீக்கிரம் ஏறிப் போ என்று மனசுக்குள் தங்கையைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் படியில் கால் வைத்தாள்.

"பாவாயீ" என்று சிந்தாமணி கத்தினாள்.

அவ்வளவு தூரம் அனுப்பிப் பழக்கமில்லாத குரல் முதலில் வெளியே வரவே திணறியது. பிறகு அடித்தொண்டையைக் கிழித்துக்கொண்டு, கரடுமுரடாக, கன்றைப் பறிகொடுத்த மாடு கதறுவதுபோல வந்தது. தெருவில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மொட்டை மாடிக் குழாயைப் பார்த்தன. குழாய் அந்த நேரம் சும்மா இருந்தது. பிறகு எல்லாத் தலையும் மெதுவாக இறங்கிச் சிந்தாமணியைப் பார்த்தன.

பொங்கியண்ணனின் கை தூண்களிலிருந்து தானாக விடுபட்டது. அவர் அப்படியே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். இத்தனை நாளாக அவர் நடுங்கியது இந்தக் குரலுக்குத்தான். இப்போது நெஞ்சுக்குள் ஐஸ் கட்டியை வைத்ததுபோலப் பயம் முழுதாக வந்து இறங்கியது, இனி ஆடுவதற்கு இடமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. அவள் இருக்கிறாள். அவள் மொட்டை மாடியில் தனியாக நின்று அழுகிறாள். அழுகிறவள் உயிரோடு இருக்கிறாள்; எழவு அவருடையதுதான்.

பாவாயி படியிலிருந்து காலை எடுத்திருந்தாள். சிந்தாமணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் தூணுக்கு அருகே வந்ததும் பொங்கியண்ணன் எழுந்து, இரண்டு முறை கனைத்து, ஓரமாக ஒதுங்கினார்.

"உள்ள வா" என்றார். "பத்திரிகைய எங் கையில வெக்காமப் போனத நான் மறக்கல. அது அப்பிடியேதான் இருக்குது. இருந்தாலும் உள்ள வா."

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும் மறக்கல, நீங்க மணையில உக்காராதத" என்று சொல்லிவிட்டு வாசலை மிதித்தாள்.

சிந்தாமணி மட்டும் இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, எல்லாரும் எதுக்கு மேல பாத்தாங்க?" என்று கேட்டாள். குரல் பழையபடி பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலாகியிருந்தது. பொங்கியண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். குருசாமியைப் பார்த்தார். கற்கண்டு கொடுத்த பெண்கள் அங்கே இருந்தார்கள், பொய்யழுகைக்காரச் சின்னம்மா இருந்தாள். ஒருத்தர் குடும்பத்துச் சங்கதியை அடுத்த பஸ் வருவதற்குள் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும் அந்தத் தெருவில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"கொக்குக் கூட்டம் போச்சு" என்றார் அவர்.

கூடத்தில் பாதி டைல்ஸ் போட்ட தரையில் பாவாயி வாயைப் பொத்திக்கொண்டு நின்று, தலைக்கு மேலே தான் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிந்தாமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் புருசனுக்குப் போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. குனிந்து அவர் காதருகே, நல்ல காதருகே, "பாத்தீங்களா, நீங்க உசுரோட இருக்கயிலயே வந்துருச்சு பாவாயி. இனி ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள்.

மொட்டை மாடியில் அந்தக் குரல் மறுபடி தொடங்கியது. சிந்தாமணி பயந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆவாது" என்றார் பொங்கியண்ணன். அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு, அவள் அழுவதை முதல் தடவையாகக் கேட்டார்.